உப்பு பார்க்க ஒரு ஆள்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பேகம்பூரில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால் இதில் அங்கங்கே காரம் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் நூர் அகமது பிரியாணி மாஸ்டர். கல்யாணமோ புதுவீடோ, எரியோடு வரைக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். போன வருஷம் ஈஸ்டருக்கு மறுநாள், அகரத்தில் ஒரு வேதக்காரர், கிறிஸ்தவர், ஃபாதரை வைத்துப் புதுவீடு மந்திரித்துக் கொடுத்த விருந்துக்குச் சமைக்கப் போனார். சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு அன்று சாயங்காலமே வாந்தியும் வயிற்றுப்போக்கும். எல்லோரும் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். அந்த வீட்டைக் கட்டிய இருதயநாதன் மட்டும் எழவில்லை. அவருக்கு ஏற்கெனவே சர்க்கரை, கிட்னியிலும் கோளாறு. இரண்டாம் நாள் இறந்துபோனார்.

போலீஸ் வந்தது, கேஸ் வந்தது. ஜாமீனில் வந்த மனுஷன் அதற்கப்புறம் அடுப்புப் பக்கம் போகவில்லை. தோல் ஷாப்பில் போய் ஆட்டுத்தோலுக்கு உப்புத் தூவுகிற வேலையில் சேர்ந்துகொண்டார். பிரியாணிக்கு உப்புப் போட்ட கை தோலுக்குப் போடுகிறதே என்று எனக்கு வயிறு எரியும். அவர் எதையும் காட்டிக்கொள்ள மாட்டார். ஒரு நாள் வேண்டுமென்றே ரசத்தில் உப்பே போடாமல் வைத்தேன். ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். அன்றைக்கு நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

தேக்சாக்கள் மொட்டை மாடியில் கவிழ்ந்து கிடந்தன. ஒரு ஆடு முழுசாக வேகிற பெரிய பாத்திரங்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓட்டல் வைத்திருக்கிற என் அண்ணன் மகன் அல் அமீன் இந்த வருஷ நோன்பில் அவற்றைக் கேட்டான். இவரும் யோசிக்கக்கூட இல்லாமல், ரமலான் பெருநாள் கழிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டுவந்து எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பாத்திரங்கள் படியிறங்கிப் போய்விட்டால் இவர் மறுபடி மாஸ்டராக மாட்டார், உப்புத் தூவுகிறவராகவே முடிந்துபோவார். சண்டை போட்டேன். சாப்பிடாமல் படுத்தேன். சுவரோடு பேசின மாதிரிதான்.

அகரத்தில் அன்றைக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஈஸ்டர் எங்கள் நோன்பு மாசத்தில் வந்தது. நோன்பு மாசத்தில் சமையல் மாஸ்டருக்கு ஒரு தொல்லை உண்டு. பகலில் வாயில் வைத்து ருசி பார்க்க முடியாது. நுனிநாக்கில் தொட்டுத் துப்பிவிட்டால் நோன்பு முறியாது என்று எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லியிருக்கிறார். இவர் கேட்க மாட்டார். நாக்கில் பட்டால் தொண்டை சும்மா இருக்காது என்பார். அதனால் நோன்பு மாசத்தில் உப்பு பார்ப்பது பாக்கியராஜின் வேலை. விறகு தள்ளுவது, தேக்சா இறக்குவது எல்லாமே அவர்தான். இவருக்குச் சம வயசு, வேதக்காரர். ஆனால் அன்று ஈஸ்டருக்கு மறுநாள் ஆயிற்றே. நாற்பது நாள் தவக்காலம் இருந்துவிட்டு மாமியார் வீட்டு விருந்துக்குப் போகிற மனுஷனைப் போகாதே என்று எப்படிச் சொல்வது?

தால்ச்சாவை எப்போதும் விருந்து வீட்டில்தான், காலையில்தான் வைப்பார். பருப்பு, சுரைக்காய், எலும்பு, மாங்காய் எல்லாம் சேர்ந்த குழம்பு. வெயில் காலத்தில் சட்டென்று கெட்டுவிடும். அன்றைக்குப் பாக்கியராஜ் இல்லாததால், தானே ருசி பார்த்துவிடலாம் என்று விடிந்து நோன்பு தொடங்கும் முன், சஹர் நேரத்திலேயே எங்கள் வீட்டில் வைத்து இறக்கினார். குடித்துப் பார்த்தார். எனக்கும் ஒரு கரண்டி கொடுத்தார். அருமையாக இருந்தது. சூடு ஆறுவதற்குள் மூடியைக் கட்டி வண்டியில் ஏற்றியாகிவிட்டது. மூடின சூட்டிலேயே அது புளித்திருக்கிறது. ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று நினைத்ததுதான் அவர் செய்த தப்பு. இவ்வளவுதான் நடந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் நோன்பு முடிய நாலைந்து நாள் இருக்கும்போது, சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு நோன்புக் கஞ்சிக்கு அரிசி போட்டுக்கொண்டிருந்தேன். கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் சாம்பல் நிறச் சேலையில் ஒல்லியாக ஒரு அம்மா. அடையாளம் தெரியச் செத்த நேரம் பிடித்தது. அகரத்து அமலராணி டீச்சர், இருதயநாதனின் மனைவி. போன வருஷம் ஸ்டேஷனில் பார்த்தபோது நல்ல சதைப்பிடிப்பாக இருந்தார்.

"பாய் இருக்காங்களா?"

"எதுக்கு?"

"பேசணும்."

"பேச வேண்டியதையெல்லாம் ஒங்க மக லிடியா போன வருஷமே இந்தத் தெருவுல நின்னு பேசிட்டாளே டீச்சர். இன்னும் என்ன இருக்கு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். திருப்பி ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். உள்ளே வாங்க என்று சொல்ல நாக்கு வரவில்லை. அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அதற்கப்புறம்தான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் இவர் வேலை முடிந்து வந்தார். முழங்கை வரை உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. டீச்சரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"டீச்சர்," என்றார்.

"கை ஏன் பாய் இப்படி வெடிச்சிருக்கு?"

"தோல் ஷாப்புல உப்பு போடுறேன் டீச்சர்."

டீச்சர் அந்தக் கையையே பார்த்தார். பிறகு சொன்னார்: "பெருநாள் கழிஞ்சு வர்ற வியாழக்கிழமை அவுகளுக்கு வருஷ நினைவு. காலைல பூசை, மத்தியானம் சாப்பாடு. நீங்க வந்து ஆக்கித் தரணும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எங்களை வச்சு வேடிக்கை பாக்க வந்தீங்களா? ஊரு இம்புட்டுப் பேசினது பத்தாதா?"

"பக்ரு, சும்மா இரு," என்றார் இவர்.

டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. "இந்த வருஷம் ஈஸ்டர் தள்ளி வருது, அன்னைக்கு இன்னும் தவக்காலம், கறி கூடாது. குஸ்காவும் தால்ச்சாவும் போதும். எலும்பு போடாத தால்ச்சா."

ஒரு வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேரைச் சொன்னதில்லை. இவர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"என்னால ஆகாது டீச்சர். கைராசியான வேற ஆளா நானே சொல்லி விடுறேன்."

"ஒண்ணு கேக்கவா பாய்? போலீஸ்ல அம்புட்டு நேரம் ஒங்களைத் துருவித் துருவிக் கேட்டாங்களே, நான் ருசி பாத்ததை ஏன் சொல்லல?"

"என்ன ருசி?" என்றேன் நான். இவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

டீச்சர்தான் சொன்னார். பந்தி போடுவதற்கு முன்னால் இவர் தால்ச்சா மூடியைத் திறந்திருக்கிறார். ஓரத்தில் லேசாக நுரை. மனசுக்குச் சரியாகப் படவில்லை. நோன்பு. பாக்கியராஜும் இல்லை. அந்தப் பக்கமாக வந்த டீச்சரைக் கூப்பிட்டு, ஒரு வாய் பார்த்துச் சொல்லுங்கள் என்று உள்ளங்கையில் ஊற்றியிருக்கிறார்.

"நாக்குல வச்சேன். புளிச்சது. மாங்காப் புளிப்புன்னு நெனச்சேன். நெனச்சேன்னுகூடச் சொல்லக் கூடாது, அதுக்குள்ள ஃபாதர் வந்துட்டாருன்னு யாரோ கூப்பிட்டாங்க. நல்லாருக்கு பாய், பரிமாறுங்கன்னு சொல்லிட்டு ஓடிட்டேன்." டீச்சர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "எங்க வீட்டுக்காரவுக நாப்பது நாள் கறி தொடாம இருந்தவுக. அவுகளுக்கு ரெண்டாந்தரம் தால்ச்சா நாந்தேன் ஊத்தினேன்."

அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்தது. நான் போய்த் தீயைக் குறைத்துவிட்டு வந்தேன்.

"சொல்லி என்னத்துக்கு டீச்சர்?" என்றார் இவர். "வீட்டுக்காரரைப் பறிகொடுத்துட்டு நிக்கிறவங்களை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, நீ ஏன் சரியாப் பாக்கலன்னு கேப்பாங்க. அதை நான் ஒக்காந்து பாக்கணுமா? ஆக்குனது நான். கேக்குறதை என்னையவே கேக்கட்டும்."

"நீங்க சொல்லலைங்கிறதால நானும் சொல்லாம இருந்துட்டேன். லிடியா ஒங்களைத் திட்டும்போதெல்லாம் பக்கத்துல வாயை மூடிக்கிட்டு இருந்தேன். ஸ்கூல்ல சத்துணவை டீச்சருங்க யாராச்சும் மொதல்ல சாப்பிட்டுப் பாத்துட்டுத்தான் பிள்ளைகளுக்குப் போடணும். என் முறை வந்தா வேற டீச்சரைப் பாக்கச் சொல்லிட்டு வெளிய போயிருவேன். என் நாக்கை நானே நம்பல பாய்." கொஞ்சம் நிறுத்தினார். "போன வாரம் லிடியாகிட்டச் சொல்லிட்டேன். அவ எங்கிட்டப் பேசுறதில்ல. கோர்ட்டுலயும் சொல்லத்தான் போறேன்."

"வேண்டாம் டீச்சர்."

"அது என் சுமை பாய். அதையும் சேத்து நீங்க தூக்காதீங்க."

எனக்கு இரண்டு பேர் மேலும் ஒரே நேரத்தில் கோபம் வந்தது. பஸ் ஏறினால் அரைமணி நேரம்கூட ஆகாத தூரத்தில் இருந்துகொண்டு, ஒரு வருஷமாக ஒரே தால்ச்சாவை இரண்டு பேரும் தனித்தனியாகத் தலையில் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார்கள். இந்த மனுஷன் என்னிடம்கூட மூச்சு விடவில்லை. அந்தக் கோபத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. இப்படிப்பட்ட ஆளோடுதான் இத்தனை வருஷம் குடித்தனம் செய்திருக்கிறேன் என்று பெருமையாக இருந்தது. அதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

அதற்குள் பாங்கு சொல்லிவிட்டார்கள். இவர் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டார். நோன்பு திறக்கிற நேரத்தில் வீட்டில் இருக்கிறவரைச் சும்மா உட்கார வைக்க முடியுமா? டீச்சருக்கும் ஒரு கிண்ணம் கஞ்சி வைத்தேன். அவர் கையில் எடுத்தார், கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாருக்கு," என்றார். சொன்னதும் சட்டென்று நிறுத்திக்கொண்டார். இன்னொரு வாய் குடித்தார். மெதுவாக, மென்று பார்க்கிற மாதிரி குடித்தார்.

"உப்பு ஒரு கல்லு கூட," என்றார்.

என் கஞ்சியை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. சொல்லவும் விட்டதில்லை. நான் வாயைத் திறக்கும் முன், இவர் தன் கிண்ணத்தை எடுத்துக் குடித்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"ஆமா. கூடத்தான் இருக்கு," என்றார்.

உப்பில்லாத ரசத்தைப் பேசாமல் குடித்தவர். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கிருந்தே கேட்டது.

"வியாழக்கிழமை எத்தனை பேருக்கு டீச்சர்?"

பெருநாளுக்கு மறுநாளே இவர் ஆறு நோன்பைத் தொடங்கிவிட்டார். ரமலான் முடிந்ததும் இஷ்டப்பட்டவர்கள் வைக்கிற நோன்பு அது. இப்போது வேண்டாம், அப்புறம் வைத்துக்கொள்ளலாம், நாள் நிறைய இருக்கிறது என்றேன். கேட்கவில்லை. அதனால் வியாழக்கிழமையும் அவர் நோன்போடுதான் அகரத்துக்குப் போனார். அல் அமீனிடம் போனில், "ஒரு வேலை இருக்கு, அதுக்கப்புறம் எடுத்துக்க," என்று மட்டும் சொல்லியிருந்தார். எனக்குத் திக்கென்றது. இந்த ஒரு சமையலோடு மாஸ்டர் கணக்கு முடிகிறது என்றுதான் அவர் மனசில் இருந்தது.

நானும் கூடப் போனேன். நான் நோன்பு வைக்கவில்லை, வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. இவர் பார்க்காத நேரத்தில் எல்லாப் பாத்திரத்திலும் ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று, என் அடுப்படிக் கரண்டியைப் பையில் போட்டு எடுத்துப்போயிருந்தேன். இன்னொரு தடவை அந்த வீட்டில் எதுவும் நடக்க விடமாட்டேன்.

புதுவீடு இப்போதும் புதுசாகவே இருந்தது. முன்னறையில் இருதயநாதன் படத்துக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். பின்பக்கம் முருங்கை மரத்தடியில் அடுப்பு. பாக்கியராஜ் விடிந்ததிலிருந்து அங்கேதான் இருந்தார். போன ஈஸ்டருக்கு மாமியார் வீட்டுக்குப் போனதை அவரும் மறக்கவில்லை. விறகை எடுத்து இவர் கையில் கொடுத்தார். இவர் அதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். அப்புறம் பிஸ்மி சொல்லி அடுப்பைப் பற்ற வைத்தார்.

பூசை முடிந்து சொந்தக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். சிலர் பின்பக்கம் எட்டிப் பார்த்து, யார் அடுப்பருகே நிற்கிறார் என்று தெரிந்ததும் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். "அந்த பாயா?" என்று ஒரு பெரியவர் சத்தமாகவே கேட்டார். லிடியா சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அத்தனை பேசியவள்தான். ஆனால் அப்பனைப் பறிகொடுத்த பிள்ளை, அவளிடம் நான் என்ன சண்டைக்குப் போவது?

குஸ்கா தம்மில் இருந்தது. தால்ச்சா கொதித்து அடங்கியது. இவர் மூடியைத் திறந்தார். ஆவி மேலே வந்தது. பாக்கியராஜ் வழக்கம்போல உள்ளங்கையை நீட்டினார். இவர் அவர் கையில் ஊற்றவில்லை.

"டீச்சரைக் கூப்பிடு," என்றார்.

டீச்சர் வந்தார். பெரியவர்கள் நாலைந்து பேரும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். இவர் கரண்டியில் மொண்டு, ஊதி ஆற்றி, டீச்சரின் உள்ளங்கையில் ஊற்றினார். போன வருஷம் ஊற்றின அதே கை. டீச்சர் வாயில் வைத்தார். முன்பக்கம் யாரோ கூப்பிட்டார்கள். அவர் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நாக்கில் உருட்டினார்.

"உப்பு கம்மி பாய்."

"எவ்வளவு?"

"இன்னொரு வாய் குடுங்க." மறுபடி பார்த்தார். "அரைப் பிடி போடலாம். புளிப்பு மாங்காப் புளிப்புதான். வேற ஒண்ணும் இல்ல."

இவர் உப்பு டப்பாவில் கையை விட்டு அரைப் பிடி எடுத்துப் போட்டார். கிளறினார். நான் அவர் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன்: "ஏங்க, இது கட்டாயமான பர்ளு நோன்பு இல்லையே. இன்னொரு நாள் வச்சுக்கலாம். நீங்களும் ஒரு வாய் பாத்துருங்க."

"எதுக்கு?" என்றார். "டீச்சர் பாத்தாச்சுல்ல."

டீச்சர் காதில் விழுந்துவிட்டது. அவர் முகம் ஒரு மாதிரி கோணிக்கொண்டு போனது. ஈரக் கையைச் சேலையில் துடைத்தார், மறுபடி துடைத்தார். பிறகு சத்தமே இல்லாமல் அழுதார். இவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "பாக்கியராஜ், அல் அமீனுக்கு ஒரு போனைப் போடு. ஞாயித்துக்கிழமை வண்டி வேண்டாம்னு சொல்லு," என்றார். அப்புறம் தலையை நிமிர்த்தி எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "பந்திக்கு ஆளை ஒக்காரச் சொல்லுங்க."

இலை போட்டிருந்தது. யாரும் உட்காரவில்லை. நீ உட்கார், நீ உட்கார் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. போன தடவை இதே முற்றத்தில் சாப்பிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள்.

என் பையில் கரண்டி இருந்தது. தால்ச்சா தேக்சா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிடலாம். பையில் கையை விட்டேன். டீச்சர் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். கையை வெளியே எடுத்துவிட்டேன்.

போய் முதல் இலையில் உட்கார்ந்தேன். பாக்கியராஜ் எனக்கு அடுத்த இலையில் வந்து உட்கார்ந்தார். லிடியா வாசலிலிருந்து இறங்கி வந்தாள். என் இலைக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டு, மூன்றாவது இலையில் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள்.

தால்ச்சாவை டீச்சரே ஊற்றினார். நான் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.